மூக்கிலிருந்து தொடங்குங்கள்: டர்பன் பக்கம் முதல் முறை பியர் ஆலைக்குப் போகிறவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வேலைக்கு வருகிற நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு, வந்த இரண்டு மூன்று மாதத்துக்குள் அலுவலகத்தில் ஓர் அழைப்பு வரும். "சனிக்கிழமை ப்ரூவரிக்குப் போகிறோம், நீயும் வா." கூப்பிடுகிறவர் சாதாரணமாகத்தான் கூப்பிடுவார். கேட்கிறவருக்கு வயிற்றில் ஒரு கலக்கம். ஊரில் நாம் பார்த்ததெல்லாம் டாஸ்மாக் வரிசையும் அதை ஒட்டிய இருட்டு பாரும்தான். அந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு இங்கே ஓர் ஆலையின் சுவைக்கூடத்துக்குள் நுழைந்தால் எதுவுமே பொருந்தாது. பகல் பன்னிரண்டு மணி. புல்வெளியில் குழந்தைகள் ஓடிக்கொண்டிருப்பார்கள். ஒரு பாட்டி நாயைப் பக்கத்தில் கட்டிவிட்டு வெயில் காய்வார். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் உயரத்துக்கு எஃகுத் தொட்டிகள் நிற்கும்.

நான் இங்கே வந்து பதினோரு வருடம் ஆகிறது. புதிதாக வந்த பலரை இப்படி அழைத்துப் போயிருக்கிறேன். காரில் ஏறும் முன்பே எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "அண்ணா, எனக்கு பியரைப் பத்தி ஒண்ணுமே தெரியாதே, அங்க போய் என்ன பேசறது?" என் பதிலும் ஒன்றுதான். இட்லி மாவு புளித்துவிட்டதா என்று மூடியைத் திறந்து முகர்ந்தே சொல்லத் தெரியுமா? முளைகட்டிய கேழ்வரகை நிழலில் உலர்த்தும்போது வருகிற வாசனை ஞாபகம் இருக்கிறதா? காப்பிக்கொட்டை வறுபடும் வாசனை எங்கே முடிந்து கருகல் எங்கே தொடங்குகிறது என்று மூக்கு சொல்லுமா? அப்படியென்றால் பாதி அறிவு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. மீதியை அங்கே பியர் காய்ச்சுகிறவர் சொல்லிக்கொடுப்பார். நீங்கள் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடிப்பழக்கம் இல்லாதவர் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டியதில்லை. குடியால் நொந்த வீடுகளை நான் ஊரிலும் பார்த்திருக்கிறேன், இங்கே நம்மவர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்திலும் பார்த்திருக்கிறேன். குடியை விட்டுவிட்டு நாளை எண்ணிக்கொண்டிருக்கும் நண்பரை இந்த மாதிரி இடத்துக்குக் கூப்பிடவே கூப்பிடாதீர்கள். கர்ப்பமாக இருப்பவர்களும், மருந்து சாப்பிடுகிறவர்களில் மருத்துவர் கூடாது என்று சொன்னவர்களும் அப்படியே. மற்றபடி, குடிக்காதவர்களும் தாராளமாக வரலாம். என் மனைவி ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை. என்னோடு எல்லா ஆலைகளுக்கும் வந்திருக்கிறாள், வாசனையை என்னைவிட நன்றாகப் பிரித்துச் சொல்வாள்.

கிளம்புவதற்கு முன்

சின்ன ஆலைகளில் சுவைக்கூடம் வாரம் முழுக்கத் திறந்திருக்காது. பல இடங்களில் வியாழன் முதல் ஞாயிறு வரைதான். போன் செய்து மூன்று விஷயம் கேளுங்கள்: எத்தனை மணி வரை, தொட்டிகளைச் சுற்றிக் காட்டுவார்களா, குழந்தைகளைக் கூட்டி வரலாமா. ஆலையைச் சுற்றிக் காட்டுவதற்குப் பெரும்பாலும் முன்பதிவு வேண்டும். அன்று காய்ச்சும் நாளாக அமைந்துவிட்டால் உங்கள் அதிர்ஷ்டம்.

மது வாங்க 18 வயது ஆகியிருக்க வேண்டும். நம் ஆட்களின் முகம் இளமையாகத் தெரியும், முப்பது வயதுக்காரரையும் அடையாள அட்டை கேட்டு நிறுத்துவார்கள். பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனில் நகலைக் காட்டினால் அசலோடு ஒப்பிட்டு முத்திரை போட்டுத் தருவார்கள், காசு கிடையாது. அந்த நகலோ ஓட்டுநர் உரிமமோ போதும்.

சென்ட் அடிக்காதீர்கள். நான் முதல் தடவை போனபோது கல்யாணத்துக்குப் போவதுபோல அடித்துக்கொண்டு போனேன். இரண்டு மணி நேரமும் என் சட்டை வாசனையைத்தான் முகர்ந்தேன், பக்கத்தில் உட்கார்ந்தவர்களும் அதைத்தான் முகர்ந்தார்கள். மல்லிகைப்பூவுக்கும் இது பொருந்தும். அப்புறம், வெறும் வயிற்றில் போகக் கூடாது. தயிர் சாதமோ நாலு இட்லியோ சாப்பிட்டுவிட்டுப் போங்கள். மசாலா தூக்கலாக எதுவும் வேண்டாம், நாக்கு மந்தமாகிவிடும்.

இன்னொன்று, இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ் நண்பர்களை அழைக்கும்போது மாதத்தைப் பாருங்கள். 1860-இல் டிரூரோ கப்பலில் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் வழிவந்தவர்களுக்கு வீட்டுமொழி இன்று ஆங்கிலமாகிவிட்டது. ஆனால் புரட்டாசி விரதத்தையும் காவடி விரதத்தையும் நம்மில் பலரைவிடக் கண்டிப்பாகப் பிடிக்கிறார்கள். அந்த நாட்களில் கறியும் இல்லை, மதுவும் இல்லை. தெரியாமல் கூப்பிட்டால் சங்கடப்படாமல் சிரித்துக்கொண்டே மறுப்பார்கள். ஆனாலும் தெரிந்துகொண்டு கூப்பிடாமல் இருப்பதுதான் மரியாதை.

போவதும் வருவதும்

இதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். இந்த நாட்டில் வண்டி ஓட்டுகிறவரின் 100 மில்லி ரத்தத்தில் ஆல்கஹால் 0.05 கிராமுக்குக் குறைவாகத்தான் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். தொழில்முறை ஓட்டுநர் என்றால் 0.02. வாரக் கடைசிகளில் போலீஸ் சாலையை மறித்து ஊதச் சொல்லும். அளவு மீறினால் கைது, லாக்கப், நீதிமன்றம். குற்றம் உறுதியானால் அது பதிவாகிவிடும். விசா புதுப்பிக்கவும் நிரந்தர வசிப்புரிமை கேட்கவும் போலீஸ் சான்றிதழ் கேட்கிற நாடு இது. வேலை விசாவில் இருப்பவருக்கு அந்த ஒரு மாலை எவ்வளவு விலை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"சின்னச் சின்ன கிளாஸ்தானே" என்று ஏமாற வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 150 மில்லி கிளாஸ் நான்கு என்றால் 600 மில்லி. 330 மில்லி பாட்டில் இரண்டைக் கிட்டத்தட்டத் தொட்டுவிட்டது. அந்த நான்கில் ஒன்று ஏழு சதவீதம் ஆல்கஹால் உள்ளதாக இருந்தால் அந்த இரண்டு பாட்டிலை முழுதாகவே எட்டிவிட்டது. ஒரு துளி குடித்தாலும் அன்று ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டால் கணக்கே வேண்டாம்.

டர்பன் நகருக்குள் என்றால் ஊபரோ போல்ட்டோ போட்டுவிடலாம். டர்பனிலிருந்து உள்நாட்டுப் பக்கம் ஏறிப்போகும் மிட்லண்ட்ஸ் பகுதிக்குப் போனால் திரும்பி வர அந்த வசதியை நம்ப முடியாது. அங்கே குடிக்காத ஒருவர் ஓட்ட வேண்டும், இல்லையென்றால் இரவு அங்கேயே அறை எடுத்துத் தங்க வேண்டும். என்3 சாலையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைத் தாண்டி ஹில்டன் ஏற்றத்தில் மூடுபனி இறங்கினால் முன்னால் போகும் லாரியின் பின்விளக்குகூடத் தெரியாது. குடிக்காதவரே நிதானமாக ஓட்ட வேண்டிய சாலை அது. ஓட்டுகிறவருக்கு அன்றைய சாப்பாட்டுக் காசை மற்றவர்கள் கொடுப்பது எங்கள் கூட்டத்தில் எழுதாத சட்டம். பல ஆலைகளில் அவருக்கான சின்ன பாட்டில்களைக் கையில் கொடுத்து அனுப்பவும் செய்வார்கள், கேட்டுப் பாருங்கள்.

எங்கே போவது

முதல் முறைக்கு எனக்குப் பிடித்தது மிட்லண்ட்ஸ்தான். டர்பனிலிருந்து கிளம்பி ஹோவிக்கில் 95 மீட்டர் அருவியைப் பார்த்துவிட்டு, ஆர்103 சாலையில் மண்டேலா பிடிபட்ட இடத்தில் இறங்குங்கள். 1962 ஆகஸ்ட் 5-ஆம் தேதி இங்கேதான் அவரைக் கைது செய்தார்கள். ஐம்பது எஃகுத் தூண்கள் நிற்கும். ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்று பார்த்தால் தூண்களெல்லாம் ஒன்றுகூடி அவர் முகமாகும். இதை ஆலைக்குப் போவதற்கு முன்பே, தெளிந்த தலையோடு பாருங்கள். அந்த 1962-இல்தான் கறுப்பின மக்கள் பாட்டில் பியரும் ஒயினும் வாங்கக் கூடாது என்ற தடையும் நீங்கியது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பியரை ருசிக்கும் ஒரு சூலு இனப் பெரியவர், தன் இளவயதில் அதைக் கடையில் வாங்கியிருந்தாலே குற்றவாளியாகியிருப்பார். அதை மனதில் வைத்துக்கொண்டு உள்ளே போவது நல்லது.

அதே பாதையில் இருப்பதுதான் நாட்டிங்ஹாம் ரோடு என்கிற சிற்றூர். அங்கே 1996-இல் தொடங்கிய ஆலை, இந்த மாகாணத்தின் சிறு ஆலைகளில் மூத்த பெயர்களில் ஒன்று. பியருக்கெல்லாம் விலங்குகளின் பெயர்: விசிலடிக்கும் வீசல், ஊறுகாய்ப் பன்றி என்று. குழந்தைகளோடு போனால் பெயர்ப்பலகையைப் படித்தே அரைமணி நேரம் ஓடிவிடும். பன்றி பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது ஒரு கறுப்பு போர்ட்டர் பியர், பெயரில் மட்டும்தான் பன்றி.

உள்ளே நுழைந்ததும்

நேராகக் குழாய்கள் இருக்கும் மேசைக்குப் போய் வணக்கம் சொல்லுங்கள். சூலு மொழியில் "சவுபோனா" என்றால் இன்னும் நல்லது. முதல் முறை வருகிறேன் என்று தயங்காமல் சொல்லிவிடுங்கள். அப்படிச் சொன்னவருக்கு அங்கே கிடைக்கும் கவனமே தனி. எல்லாம் தெரிந்தவர்போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் ஊற்றிக் கொடுத்துவிட்டு அடுத்தவரைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

முழு கிளாஸ் கேட்காதீர்கள். நீளமான மரப்பலகையில் குழிகள் செதுக்கி, அதில் நாலைந்து சின்ன கிளாஸ்களை வைத்துத் தருவார்கள். "டேஸ்டர்ஸ்" என்று கேட்டால் புரியும். இரண்டு பேர் போனால் ஒரு பலகையே போதும், பகிர்ந்து குடிக்கலாம், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். ஒரு ஜாடி தண்ணீரும் கேட்டு வாங்குங்கள்.

சைவமாக இருப்பவர்கள் ஒரு கேள்வி கேட்க வேண்டும். பியரைத் தெளிய வைப்பதற்கு மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஒரு பசையைப் பயன்படுத்தும் பழைய முறை உண்டு. "இதைத் தெளிய வைக்க என்ன சேர்க்கிறீர்கள்?" என்று கேட்டாலே காய்ச்சுகிறவர் புரிந்துகொள்வார். பலர் எதுவும் சேர்ப்பதில்லை, குளிரிலேயே தெளிய விடுகிறார்கள். மில்க் ஸ்டவுட் (கறுப்பு பியரில் ஒரு வகை) என்று பெயர் இருந்தால் பாலிலிருந்து எடுத்த சர்க்கரை சேர்ந்திருக்கும். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதைத் தவிர்க்கலாம்.

மூக்கு, அப்புறம் நாக்கு

பலகை வந்ததும் கை தானாக முதல் கிளாஸை எடுத்து வாய்க்குக் கொண்டுபோகும். அந்தக் கையைக் கொஞ்சம் நிறுத்துங்கள். முதலில் நிறத்தைப் பார்த்து வரிசைப்படுத்துங்கள், வெளிறியதிலிருந்து கறுப்புக்கு. ஒரே நிறமாக இருந்தால் ஆல்கஹால் சதவீதம் குறைந்தது முதலில். கசப்பு அதிகமான ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) எந்த நிறமாக இருந்தாலும் கடைசிக்குத் தள்ளுங்கள். அதை முதலில் குடித்தால் அடுத்து வருவதெல்லாம் தண்ணீர் மாதிரி இருக்கும்.

கிளாஸின் உள்சுவரைப் பாருங்கள். குமிழ்கள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றால் கிளாஸ் சரியாகக் கழுவப்படவில்லை. பணிவாகச் சொல்லி மாற்றிக்கொள்ளலாம், நல்ல இடத்தில் அதற்கு நன்றி சொல்வார்கள்.

இப்போது கிளாஸை ஒரு சுற்றுச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டுச் சின்னச் சின்னதாக இரண்டு மூன்று முறை முகருங்கள். பிறகு உங்களுக்கு முதலில் என்ன ஞாபகம் வந்ததோ அதைத் தமிழிலேயே சொல்லுங்கள். நான் வலியுறுத்திச் சொல்வது இதைத்தான். சுவர்ப்பலகையில் எழுதியிருக்கும் பிஸ்கட், கேரமல், சிட்ரஸ் எல்லாம் அதை எழுதியவருடைய சமையலறை. நம் சமையலறையில் வேறு வாசனைகள் இருக்கின்றன. ஒரு முறை பழுப்பு நிற ஏல் வகைப் பியர் ஒன்றை முகர்ந்துவிட்டு என் மனைவி, "கருப்பட்டி காப்பி, ஆறிப்போனது" என்றாள். அதைவிடச் சரியாக அந்த பியரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. லாகர் வகைப் பியரில் எனக்குப் பொரியும் பொட்டுக்கடலையும் வரும். கறுப்பு ஸ்டவுட்டில் உளுந்து வறுத்துக் கொஞ்சம் கருகவிட்ட வாசனை. தென்னாப்பிரிக்க ஹாப்ஸ் (கசப்பு தரும் ஒரு கொடியின் பூ) போட்ட பேல் ஏல் சிலவற்றில் கொய்யா, பேஷன் ஃப்ரூட், எங்கேயோ தூரத்தில் நாரத்தை இலை.

கோதுமையில் காய்ச்சிய வெய்ஸ் பியர் கிடைத்தால் விடாதீர்கள். மூக்கை வைத்ததும் பழுத்த வாழைப்பழமும் கிராம்பும் வரும். வாழைப்பழமும் போடவில்லை, கிராம்பும் போடவில்லை. அந்த வகை ஈஸ்ட் புளிக்கும்போது தானே உண்டாக்கும் வாசனை அது. மாவில் எதையும் சேர்க்காமல் ஓர் இரவு வைத்திருந்தாலே காலையில் புது வாசனை வருகிறதே, அதே வேலைதான்.

கெட்ட வாசனையையும் கற்றுக்கொள்ளுங்கள். வெண்ணெய் உருக்கும் வாசனை தூக்கலாக அடித்தால் ஈஸ்ட் தன் வேலையை முடிப்பதற்குள் அவசரப்பட்டிருக்கலாம். நனைந்த அட்டைப்பெட்டி வாசனை என்றால் காற்றுப்பட்டுப் பழையதாகிவிட்டது. வெயில் பட்ட பாட்டிலில் ஒரு வீச்சம் வரும், ஒரு தடவை முகர்ந்தால் மறக்காது.

பிறகு ஒரு வாய். உடனே விழுங்காமல் நாக்கின் மேல் படர விட்டு விழுங்குங்கள். ஒயின் சுவைப்பவர்கள் துப்புவார்கள். பியரில் கசப்பு தொண்டைக்குப் பக்கம்தான் முழுதாகத் தெரியும் என்பதால் விழுங்குவதே வழக்கம். விழுங்கிய பிறகு எவ்வளவு நேரம் என்ன சுவை நிற்கிறது என்று கவனியுங்கள். தண்ணீர் குடியுங்கள். பிடிக்கவில்லையென்றால் மீதியை அப்படியே வைத்துவிடலாம். காசு கொடுத்ததை வீணாக்கக் கூடாது என்று நமக்கு ஊட்டி வளர்த்திருக்கிறார்கள், இந்த ஒரு இடத்தில் அதை மறந்துவிடுங்கள். ஒரு பலகைக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டால் சரியான வேகம்.

தொட்டிகளைப் பார்க்கக் கேளுங்கள்

காய்ச்சுகிறவர் கை ஓய்ந்திருக்கும் நேரம் பார்த்து, உள்ளே பார்க்கலாமா என்று கேளுங்கள். மூடிய காலணி போட்டுக்கொள்ளுங்கள், தரை ஈரமாகவும் சூடாகவும் இருக்கும்.

முதலில் மால்ட்டை ஒரு பிடி கையில் கொடுப்பார். வாயில் போட்டுக் கடித்துப் பாருங்கள். முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமைதான் அது. இனிப்பாக, மொறுமொறுவென்று இருக்கும். தென்னாப்பிரிக்காவில் இது கேப் பக்கம் காலெடனைச் சுற்றி அதிகம் விளைகிறது. இதை உடைத்துச் சுமார் 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைப்பார்கள். மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அந்த இனிப்புக் கஞ்சியை வடித்து, ஹாப்ஸ் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க விடுவார்கள். ஆற வைத்து ஈஸ்ட் சேர்ப்பார்கள். ஏல் என்றால் 20 டிகிரி பக்கத்தில் ஒன்றிரண்டு வாரம். லாகர் என்றால் 10 டிகிரி பக்கத்தில் பல வாரம். சின்ன ஆலைகள் ஏல் வகையை அதிகம் காய்ச்சுவதற்கு இதுவும் ஒரு காரணம். தொட்டியை மாதக்கணக்கில் பிடித்து வைக்க அவர்களுக்குக் கட்டாது.

ஹாப்ஸ் பற்றிக் கேட்டால் ஓர் அருமையான கதை கிடைக்கும். கசப்பையும் வாசனையையும் தருகிற இந்தக் கொடி நன்றாக வளர்ந்து பிறகு பூப்பதற்கு நீண்ட பகல் வேண்டும், ஐரோப்பாவின் கோடைப் பகல் மாதிரி. இங்கே ஜார்ஜ் நகரைச் சுற்றித்தான் ஹாப்ஸ் விளைகிறது. அங்கே பகல் அவ்வளவு நீளம் இல்லை. அதனால் தோட்டத்தில் விளக்கைக் கட்டி, பொழுது சாய்ந்த பிறகும் கொடிக்கு வெளிச்சம் காட்டினார்கள். பிறகு இந்தப் பகலுக்கே ஒத்துப்போகும் வகைகளை இங்கேயே உருவாக்கினார்கள். சதர்ன் பேஷன், ஆப்பிரிக்கன் குயீன் என்று பெயர்கள் பலகையில் எழுதியிருந்தால் அது இந்த மண்ணின் ஹாப்ஸ். வேறு மண்ணிலிருந்து வந்து இங்கே வேர்பிடித்த நமக்கு அந்தக் கொடியின் மேல் தனிப் பிரியம் வருகிறது.

காரமும் கசப்பும்

டர்பனில் சாப்பாடு இல்லாமல் எதுவும் இல்லை. உள்ளே தோண்டிய ரொட்டியில் குழம்பை ஊற்றித் தரும் பன்னி சௌ இந்த ஊர் கண்டுபிடிப்பு. பல சுவைக்கூடங்களின் மெனு அட்டையிலும் அது இருக்கும். நம்மவர்கள் உடனே ஐபிஏவையும் காரமான மட்டன் பன்னியையும் சேர்த்துக் கேட்பார்கள். இந்தியா என்ற பெயர் அதில் இருப்பதால் பொருந்தும் என்ற நினைப்பு. அந்தப் பெயர் வந்தது இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலில் ஹாப்ஸ் தூக்கலாகப் போட்டு அனுப்பிய பியரால்தான். நம் குழம்புக்காகக் காய்ச்சியது இல்லை. கசப்பும் ஆல்கஹாலும் மிளகாய் எரிச்சலை ஏற்றிவிடும். காரத்துக்கு மால்ட் இனிப்பு தூக்கலான ஆம்பர் ஏலோ, இலகுவான லாகரோ, வெய்ஸ் பியரோ எடுங்கள். பீன்ஸ் பன்னியோடு வெய்ஸ் பியர், என் கணக்கில் இந்த ஊரின் மிகச் சிறந்த ஜோடி. ஸ்டவுட்டை இனிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் கவனிக்க வேண்டியது: கொறிக்க வைக்கும் பில்டாங் (உப்பிட்டு உலர்த்திய இறைச்சி) பெரும்பாலும் மாடுதான், பூரவோர்ஸ் சாசேஜிலும் மாடு இருக்கும். கேட்டுவிட்டு எடுங்கள்.

குடிக்காதவர்களுக்கு ஆல்கஹால் இல்லாத பியரும் இஞ்சி பியரும் கிடைக்கும். உலர்ந்த திராட்சை மிதக்க வீட்டில் புளிக்கவிட்ட இஞ்சி பியரை இந்த நாட்டில் எல்லா இனத்தாரும் பண்டிகைக்குச் செய்கிறார்கள். ஆலையில் அதை வைத்திருந்தால் பாட்டில் கம்பெனிச் சரக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பில்லில் பத்து சதவீதம் டிப்ஸ் வையுங்கள், நன்றாக விளக்கிச் சொன்னவருக்குப் பதினைந்து. வெளியே வண்டியைப் பார்த்துக்கொண்ட காவலருக்குச் சில்லறை எடுத்து வையுங்கள்.

இந்த மண்ணின் பியர்

எஃகுத் தொட்டிகளையே பார்த்துவிட்டு வந்தால் பாதியைத்தான் பார்த்தவர்களாவோம். கேப்பில் டச்சுக்காரர்கள் 1658-இல் பியர் காய்ச்சினார்கள், 1895-இல் சவுத் ஆப்பிரிக்கன் ப்ரூவரீஸ் தொடங்கி கேஸில் லாகர் வந்தது என்றெல்லாம் சுவைக்கூடங்களில் எழுதி வைத்திருப்பார்கள். அதற்கெல்லாம் முன்பிருந்தே இங்கே சூலுப் பெண்கள் சோளத்தை முளைகட்டிப் பியர் காய்ச்சினார்கள். உம்கொம்போத்தி என்பது அதன் பெயர். நடுவில் வரும் 'க' நம் க இல்லை, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி டக்கென்று எடுக்கும் ஒலி. முயன்று பாருங்கள், சிரித்துக்கொண்டே திருத்துவார்கள்.

1908-இல் டர்பன் அடங்கிய நேட்டாலின் அரசு ஒரு சட்டம் போட்டு, இந்தப் பியரைக் காய்ச்சி விற்கும் உரிமையை நகராட்சிகள் தமக்கென்று வைத்துக்கொள்ள வழிசெய்தது. டர்பன் நகராட்சி பியர் மண்டபங்களைத் திறந்து, அதில் வந்த லாபத்தில் கறுப்பின மக்களைக் கட்டுப்படுத்தும் நிர்வாகத்தையே நடத்தியது. வீட்டில் காய்ச்சிப் பிழைத்த பெண்களின் பானைகளைப் போலீஸ் கவிழ்த்தது. 1959 ஜூனில் டர்பனின் கேட்டோ மேனர் பகுதிப் பெண்கள் தடிகளோடு அந்த மண்டபங்களுக்குள் புகுந்தார்கள். நம்மவர்கள் காய்கறித் தோட்டம் போட்டிருந்த அதே கேட்டோ மேனர்தான். இன்று ஆப்பிவே நுக்சானி-மவேலா என்கிற கறுப்பினப் பெண் ஜோகன்னஸ்பர்க் பக்கம் சொந்தமாக ஆலை நடத்தி, டோலோகாஸி என்ற பெயரில் பியர் காய்ச்சுகிறார். சோளத்தையும் ரூயிபோஸ் என்கிற உள்ளூர் மூலிகைத் தேயிலையையும் அதில் சேர்க்கிறார். அந்தப் பெயர் எங்கேயாவது குழாயில் இருந்தால் பலகையில் ஒரு கிளாஸ் அதற்கு ஒதுக்குங்கள்.

உம்கொம்போத்தியைச் சுவைக்க நல்ல வழி, சூலு நண்பர் வீட்டு விசேஷத்துக்கு அழைப்பு வருவதுதான். எனக்கு அலுவலக நண்பர் ஒருவர் வீட்டில் கிடைத்தது. அங்கே தொப்பியைக் கழற்ற வேண்டும், நின்றுகொண்டு குடிக்கக் கூடாது. காய்ச்சிய அம்மா முதலில் தான் ஒரு வாய் குடித்துக் காட்டிவிட்டு, உக்காம்பா என்ற கறுப்பு மண்பானையை நீட்டினார். இரண்டு கையாலும் வாங்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, கை தானாக நீண்டது. முன்னோர்களுக்கென்று கொஞ்சம் தனியாக வைத்திருந்தார்கள். எங்கள் பாட்டி அமாவாசைக்கு இலை போட்டு வைப்பது ஞாபகம் வந்தது. பியர் பழங்கஞ்சி நிறம், அதே புளிப்பு, அதே கனம், ஆல்கஹால் மூன்று சதவீதம் இருந்தாலே அதிகம். ஊரில் காலையில் குடித்த நீராகாரத்தை டர்பனுக்கு வந்து மறுபடி குடித்த மாதிரி இருந்தது. காய்ச்சியவரை "மாமா" என்று கூப்பிடுங்கள், சூலுவில் அம்மா என்று பொருள். வயதானவர் என்றால் "கோகோ", பாட்டி. "ங்கியபோங்கா" என்றால் நன்றி.

அப்படி அழைப்பு வராதவர்கள் கடையில் அட்டைப்பெட்டியில் விற்கும் இஜூபா என்கிற சோள பியரை வாங்கிப் பார்க்கலாம். பெட்டிக்குள்ளே இன்னும் புளித்துக்கொண்டே இருப்பதால் காற்றுப் போக மேலே ஓட்டை இருக்கும். பையில் படுக்க வைத்தால் எல்லாம் கொட்டிவிடும். குலுக்கிவிட்டுத்தான் ஊற்ற வேண்டும், அடியில் மாவு தங்கியிருக்கும்.

வீட்டுக்கு வாங்கி வருவது

பிடித்த ஒன்றை இரண்டு பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம். சின்ன ஆலைப் பியர் பெரும்பாலும் சூடேற்றிப் பதப்படுத்தாதது, சீக்கிரம் கெடும். டர்பன் வெயிலில் கார் டிக்கியில் ஒரு மதியம் கிடந்தாலே போதும், மறுநாள் அதே நனைந்த அட்டை வாசனை வந்துவிடும். ஒரு குளிர்பெட்டியும் கொஞ்சம் ஐஸும் எடுத்துப் போங்கள். வீட்டில் படுக்க வைக்காமல் நிற்க வைத்து, ஃப்ரிட்ஜில், வெளிச்சம் படாமல் வையுங்கள். அடியில் மெல்லிய வண்டல் தெரிந்தால் அது ஈஸ்ட். பாட்டிலை அசைக்காமல் ஒரே சீராகச் சாய்த்து ஊற்றி, கடைசி ஒரு விரல் அளவை பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள்.